டிஃபையன்ஸ்: ‘பணியாமை’ என்று வைத்துக்கொள்ளலாமா?

அன்புள்ள நண்பர்களே,

ஆங்கிலத் திரைப்படச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பட்டியலில் ‘டிஃபையன்ஸ்’ (defiance) என்பதற்கு நேரே இதுவரை கலகம், கீழ்ப்படியாமை, அடங்காமை ஆகிய மூன்றும் வந்திருக்கின்றன. மூன்றையும் ‘கூல் ஹேண்ட் லூக்’ படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். அதிகாரத்துக்கு எதிரே தனியாக நிற்கும் கைதியைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகப் பேசிய சிறைப்படம் வேறு எனக்குத் தெரியாது. இதில் நிற்காத சொல்லைப் பட்டியலில் ஏற்றக்கூடாது என்பது என் கட்சி.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: படம் 1967இல் வந்தது. இயக்கம் ஸ்டுவர்ட் ரோசன்பெர்க், லூக்காக நடித்தவர் பால் நியூமன். மூலம் டான் பியர்ஸ் 1965இல் வெளியிட்ட நாவல். அவரே ஃபுளோரிடாவில் சாலை வேலைக்கு அனுப்பப்படும் கைதிகளோடு தண்டனை அனுபவித்தவர். லூக் போரில் பதக்கம் வாங்கியவன். குடித்துவிட்டுத் தெருவில் இருந்த பார்க்கிங் மீட்டர்களின் தலையை அறுத்துப் போட்டதற்காக இரண்டு வருடம் உள்ளே வருகிறான். வெயிலில் சட்டையைக் கழற்றுவதற்குக்கூட “கழற்றுகிறேன் பாஸ்” என்று காவலருக்குக் குரல் கொடுத்தாக வேண்டிய இடம் அது.

‘கலகம்’ முதலிலேயே விழுந்துவிடுகிறது. அதற்குக் கூட்டம் வேண்டும், கோரிக்கை வேண்டும், கதவை உடைக்க வேண்டும். லூக் யாரையும் திரட்டவில்லை, எதையும் கேட்கவும் இல்லை. கிளர்ச்சி, புரட்சி இரண்டுக்கும் இதே பதில்தான். விடுதலைப் போராட்டக் காலத்தில் நமக்குக் கிடைத்த ஒத்துழையாமை, சட்டமறுப்பு ஆகியவை அருமையான ஆக்கங்கள். ஆனால் அவை ஒரு நோக்கத்துக்காக வெளிப்படையாக அறிவித்துச் செய்பவை. லூக்கிடம் அறிவிப்பே கிடையாது.

‘கீழ்ப்படியாமை’தான் பலருக்கும் பிடித்திருக்கிறது. அதற்காகத்தான் தார் போடும் காட்சியை நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். கொளுத்தும் வெயில். முன்னால் லாரி சாலையில் தாரைத் தெளித்துக்கொண்டே போகிறது, பின்னால் கைதிகள் மண்வெட்டியால் மணலை அள்ளி வீச வேண்டும். சுற்றிலும் துப்பாக்கியோடு காவலர்கள். மெதுவாகச் செய்தால் திட்டும் அடியும் விழும். லூக் திடீரென்று வேகம் எடுக்கிறான். பக்கத்தில் இருப்பவனையும் உசுப்பிவிடுகிறான். அப்புறம் மொத்தக் கூட்டமும் வெறி பிடித்த மாதிரி மணலை வாரி இறைத்துக்கொண்டு லாரியைத் துரத்துகிறது. காவலர்களுக்கு ஒன்றும் புரிவதில்லை. சொன்ன வேலைதான் நடக்கிறது, சொன்னதைவிட வேகமாகவே நடக்கிறது. எதைச் சொல்லித் தடுப்பது? சாலை முடிந்துவிடுகிறது. பொழுது சாய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது, செய்ய வேலை இல்லை. கைதிகள் சாலையோரத்தில் விழுந்து கிடந்து சிரிக்கிறார்கள்.

இந்தக் காட்சியில் எந்த உத்தரவு மீறப்பட்டது? ஒன்றுகூட இல்லை. ஆனால் அங்கே அதிகாரம் தோற்றது என்பதைப் படம் பார்க்கும் யாரும் மறுக்க மாட்டார்கள். வேலையைத் தண்டனையாகக் கொடுத்தார்கள்; லூக் அதை விளையாட்டாக்கி அவர்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான். ‘கீழ்ப்படியாமை’ என்று எழுதினால் படத்தின் உயிரான இந்தக் காட்சியே வரையறைக்கு வெளியே போய்விடும். அலுவலகத்தில் மேலதிகாரி சொன்னதைச் செய்ய மறுப்பதைக் குறிக்க அந்தச் சொல் ஏற்கெனவே நன்றாக உழைத்துக்கொண்டிருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.

அடுத்தது ‘அடங்காமை’. சொல்லில் வலு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் “அடங்காமை ஆரிருள் உய்த்து விடும்” என்று வள்ளுவர் சொன்னதிலிருந்தே அதன் மேல் ஒரு பழி ஒட்டிக்கொண்டிருக்கிறது. “அடங்க மறு” என்ற அரசியல் முழக்கம் அந்தப் பழியைத் துடைத்து, வினைக்கு மானத்தைக் கொடுத்தது உண்மைதான். இருந்தாலும் ‘அடங்காதவன்’ என்று பெயராக்கினால் பழைய வாடை திரும்பி வந்துவிடுகிறது. அடக்குபவனின் இடத்தில் நின்று பார்க்கும் சொல் அது. லூக்கை அப்படி அழைக்கக்கூடியவர் சிறையின் கேப்டன். நாம் அவர் பக்கம் நின்று கலைச்சொல் செய்யக்கூடாது.

நான் முன்வைப்பது பணியாமை.

முதல் காரணம், மரபில் இதற்கு உயர்ந்த இடம் இருக்கிறது. பல்லவ மன்னனின் ஆள் அழைக்க வந்தபோது அப்பர் “நாமார்க்கும் குடியல்லோம்” என்று தொடங்கிய பாட்டின் இரண்டாம் அடியில் “பணிவோம் அல்லோம்” என்கிறார். பழியின் நிழல் கொஞ்சமும் இல்லை. பாடுபவரின் நிமிர்வு மட்டுமே இருக்கிறது.

இரண்டாவது, ‘பணி’ என்ற ஒரே அடியில் வேலையும் இருக்கிறது, பணிவும் இருக்கிறது, பணித்தல் என்ற கட்டளையும் இருக்கிறது. சிறைக்காவலர் கேட்பது இந்த மூன்றையும் சேர்த்துத்தான். பணித்ததும் பணி நடக்க வேண்டும், செய்கிறவன் பணியவும் வேண்டும். லூக் இந்த முடிச்சை அவிழ்க்கிறான். பணித்தார்கள், பணியைச் செய்தான், பணியவில்லை. தார்க் காட்சியை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வேறு சொல்லால் முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

‘பணியாமை’ என்றால் வேலை செய்யாமை என்று படித்துவிட மாட்டார்களா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் வேலையைக் குறிக்கும் ‘பணி’ பெயர்ச்சொல். அதற்குப் பணி செய்யாமை, பணிக்கு வராமை என்றுதான் எழுதுகிறோம். ‘பணியாமல்’ என்று தனியாக எழுதினால் தலைவணங்காமல் என்றே இன்றும் படிக்கிறோம். “மிரட்டலுக்குப் பணியாமல்” என்பது நாளிதழ்களில் சாதாரணமாகப் புழங்கும் தொடர்.

படத்தின் பிற்பகுதிக்கும் இது கைகொடுக்கிறது. தப்பியோடிப் பிடிபட்ட லூக்கை ஒரு குழி தோண்ட வைக்கிறார்கள். தோண்டியதும் இந்த மண் ஏன் இங்கே கிடக்கிறது, மூடு என்கிறார்கள். மூடியதும் மறுபடி தோண்டு. இப்படியே போய்க் கடைசியில் அவன் காவலரின் காலைப் பிடித்துக்கொண்டு அடிக்காதீர்கள் என்று கெஞ்சுகிறான். பிறகு லாரியை எடுத்துக்கொண்டு மறுபடி தப்பும்போது, அதெல்லாம் நடிப்புதானே என்று சக கைதி டிராக்லைன் ஆசையோடு கேட்கிறான். லூக் இல்லை என்கிறான். நிஜமாகவே என்னை உடைத்துவிட்டார்கள் என்கிறான். இதைத் தமிழில் ‘பணிந்துவிட்டான்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லலாம். ‘கீழ்ப்படிந்துவிட்டான்’ என்றால் அந்த வலி வராது. தார்ச்சாலையில் கீழ்ப்படிந்தவன்தானே அவன்!

கேப்டன் பேசும் பேர்பெற்ற வசனத்தைப் பற்றி வேறு இழையில் பேசலாம். லூக்கை அடித்துச் சரிவில் உருட்டிவிட்டு, நமக்குள் சரியான தகவல் பரிமாற்றம் இல்லை என்கிற தொனியில் அவர் பேசுவார். அங்கே அலுவலகச் சுற்றறிக்கைத் தமிழ்தான் சரி என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லி வைக்கிறேன்.

ஆக, பட்டியலுக்கு என் பரிந்துரை: பொதுச்சொல் பணியாமை, பாத்திர வகைக்குப் பணியா நாயகன், பணியா நாயகி, காட்சியைக் குறிக்கப் பணியாமைக் காட்சி. கலகம் கூட்டுச் செயலுக்கும், கீழ்ப்படியாமை குறிப்பிட்ட உத்தரவை மீறுவதற்கும் அப்படியே இருக்கட்டும். ‘வணங்காமை’யும் மனதில் வந்தது. கடவுள் மறுப்போடு குழம்பும் என்பதால் விட்டுவிட்டேன், லூக் மழையில் நின்று கடவுளிடம் வாதாடும் காட்சி வேறு இருக்கிறது. எதிர்க்கருத்து இருந்தால் தார்க் காட்சியையும் குழி தோண்டும் காட்சியையும் உங்கள் சொல்லால் விவரித்துக் காட்டி எழுதுங்கள். இரண்டுக்கும் பொருந்தினால் என் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்.