சொல் எண்ணும் நிரல் பைத்தானில் மிக மெதுவாக ஓடுகிறது: சி++ அல்லது கோ மொழிக்கு மாற வேண்டுமா?

தேன்மொழி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நிரல் எழுதக் கற்கத் தொடங்கி ஓராண்டுதான் ஆகிறது. மதுரைத் திட்டத்தின் மின்னூல்களிலிருந்தும் தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்தும் எடுத்த உரைநடைப் பகுதிகளை ஒரே கோப்பாகச் சேர்த்து, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று காட்டும் சொல்லடைவு ஒன்றைத் தயாரித்து வருகிறேன். கோப்பின் அளவு ஏறத்தாழ 60 எம்பி. அதில் 24 லட்சம் சொற்கள் உள்ளன.

இதற்காக எழுதிய பைத்தான் நிரல் என் பழைய லேப்டாப்பில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. பைத்தான் மெதுவான மொழி என்றும் சி++ இல் எழுதினால் நூறு மடங்கு வேகம் கிடைக்கும் என்றும் தோழி ஒருத்தி சொன்னதை நம்பி, இரண்டு வாரம் செலவிட்டு அதே நிரலை சி++ இல் திருப்பி எழுதினேன். அதுவும் ஐம்பது நிமிடம் எடுத்துக்கொள்கிறது. இடையில் பைத்தானிலேயே வேலையை ஒரே நேரத்தில் ஓட வேண்டிய நான்கு திரெட்டுகளாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. இப்போது கோ, ரஸ்ட், ஜாவா என்று ஆளுக்கொரு மொழியைப் பரிந்துரைக்கிறார்கள். இன்னொரு மொழியைக் கற்க மேலும் இரண்டு மாதம் செலவிட்டால் ஆய்வேட்டுப் பணி தள்ளிப்போகும் என்பதால், தீர விசாரித்துவிட்டு முடிவெடுக்க விரும்புகிறேன். இந்த வேலைக்கு உண்மையில் எந்த மொழி ஏற்றது?

வைகைக்கரையான்

வணக்கம் தேன்மொழி. மொழியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு சொல்லைப் படித்ததும், அது முன்பே வந்த சொல்லா, புதிய சொல்லா என்று உங்கள் நிரல் எப்படிக் கண்டுபிடிக்கிறது? அந்த மூன்று நான்கு வரிகள் என்ன செய்கின்றன என்று எழுதுங்கள். 24 லட்சம் சொற்களை எண்ணுவது, நீங்கள் பெயர் சொன்ன எந்த மொழிக்கும் மணிக்கணக்கான வேலை அன்று.

தேன்மொழி

ஐயா, கோப்பை வரி வரியாகப் படித்து, இடைவெளி உள்ள இடங்களில் வெட்டிச் சொற்களாக்குகிறேன். இரண்டு பட்டியல்கள் வைத்திருக்கிறேன்: ஒன்றில் சொற்கள் இருக்கும், மற்றொன்றில் அவற்றின் எண்ணிக்கைகள் இருக்கும். ஒரு சொல் முதல் பட்டியலில் உள்ளதா என்று பார்த்து, இருந்தால் அதன் இடத்தைக் கண்டுபிடித்து இரண்டாவது பட்டியலில் அதே இடத்தில் ஒன்றைக் கூட்டுகிறேன். இல்லாவிட்டால் இரண்டு பட்டியல்களின் கடைசியிலும் சேர்க்கிறேன். சி++ இலும் இதே முறையைத்தான் வெக்டர் என்ற பட்டியல் வகையைக் கொண்டு எழுதினேன். முடிவில் தனிச்சொற்கள் 3 லட்சத்தை ஒட்டி வந்தன.

வைகைக்கரையான்

உங்கள் இரண்டு மணி நேரமும் அந்தப் பட்டியலில்தான் கரைகிறது. ஒரு சொல் பட்டியலில் இல்லை என்று உறுதிசெய்வதற்கு, பட்டியலின் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டாக வேண்டும். தனிச்சொற்கள் 3 லட்சம் என்றால், அவை முதன்முறை வரும்போது மட்டும் நடக்கும் ஒப்பீடுகள் 3 லட்சத்தை 3 லட்சத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் வருபவை, அதாவது 4,500 கோடி. ஏற்கெனவே வந்த சொல்லுக்கு நீங்கள் பட்டியலை இரண்டு முறை துழாவுகிறீர்கள்: இருக்கிறதா என்று ஒரு முறை, எங்கே இருக்கிறது என்று இன்னொரு முறை. தமிழில் வேற்றுமை உருபும் காலமும் இடமும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், ஒரே வினையடி நூற்றுக்கணக்கான தனிச்சொற்களாகப் பெருகிப் பட்டியலை இன்னும் நீளமாக்குகிறது.

அந்த இரண்டு பட்டியல்களுக்குப் பதிலாக ஒரே ஒரு டிக்ஷனரியைப் பயன்படுத்துங்கள். டிக்ஷனரி ஒவ்வொரு சொல்லிலிருந்தும் ஒரு ஹாஷ் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண் காட்டும் இடத்துக்கு நேரே போய்ப் பார்க்கும். உள்ளே மூன்று சொல் இருந்தாலும் மூன்று லட்சம் இருந்தாலும் தேடும் நேரம் ஏறத்தாழ ஒன்றுதான். பைத்தானின் கலெக்ஷன்ஸ் தொகுதியில் உள்ள கவுண்ட்டர் இந்த வேலைக்கென்றே அமைந்தது. அதன் எண்ணும் பகுதி சி மொழியில் எழுதப்பட்டிருப்பதால், உங்கள் நிரலின் சுமையான பகுதி சி வேகத்திலேயே ஓடும்.

திரெட்டுகள் உதவாததற்குக் காரணம் வேறு. வழக்கமான பைத்தானில் ஜிஐஎல் எனப்படும் ஒரே பூட்டு உண்டு. ஒரு நேரத்தில் ஒரு திரெட்தான் பைத்தான் கட்டளைகளை இயக்க முடியும். நான்கு பேரை வேலைக்கு வைத்து ஒரே ஒரு மண்வெட்டியைக் கொடுத்தது போலத்தான் அது. 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் இந்தப் பூட்டு இல்லாத வடிவத்தைச் சோதனை நிலையில் தந்தார்கள். ஆனால் உங்கள் வேலைக்கு அது தேவைப்படாது.

குறிமுறைஞர்

வைகைக்கரையான் சொன்னது முழுக்கச் சரி. சி++ பற்றி மட்டும் நான் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் நீங்கள் செலவிட்ட அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கம்பைல் செய்தபோது, அதாவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றியபோது, கழித்தல் குறி, பெரிய ஓ, 2 என்ற தெரிவைச் சேர்த்தீர்களா? அதைச் சேர்க்காவிட்டால் ஜி++ கம்பைலர் உங்கள் நிரலைச் செம்மைப்படுத்தாமல் வரிக்கு வரி அப்படியே மாற்றித் தரும். வெக்டரும் ஸ்ட்ரிங்கும் நிறைந்த நிரலில் அது பல மடங்கு வித்தியாசத்தைக் கொண்டுவரும். மொழிகளை ஒப்பிட்டு வேக அட்டவணை வெளியிடுபவர்களிலும் பலர் இதில் தவறுகிறார்கள். மாறாக, செம்மைப்படுத்தும் தெரிவை மட்டும் போட்டுவிட்டு, விடையை எங்கும் அச்சிடாத வெற்று லூப் ஒன்றைச் சோதித்தால், இதனால் பயனில்லை என்று கண்டுகொண்டு கம்பைலர் அந்த லூப்பையே நீக்கிவிடும். பூஜ்ய விநாடி என்று முடிவு வரும். அதைப் பார்த்து ஆயிரம் மடங்கு வேகம் என்று எழுதிவிடுவார்கள்.

ஜாவாவிலும் இப்படி ஒரு நுணுக்கம் உண்டு. ஜாவா நிரல் தொடக்கத்தில் இன்டர்ப்ரெட்டர் வழியாக ஓடி, அடிக்கடி இயங்கும் பகுதிகளை மட்டும் போகப் போக இயந்திர மொழிக்கு மாற்றிக்கொள்ளும். அதனால் அரை விநாடிச் சோதனையில் மெதுவாகத் தெரியும் ஜாவா, ஒரு நிமிடச் சோதனையில் சி++க்கு அருகில் வந்து நிற்கும்.

சி++ நிரலிலும் வெக்டருக்குப் பதில் டிக்ஷனரியைப் போன்ற அன்ஆர்டர்ட் மேப் என்பதைப் பயன்படுத்தி, நான்கு வகையாக நேரத்தை அளந்து எழுதுங்களேன், எல்லோருக்கும் பயன்படும்.

தேன்மொழி

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்ன தெரிவை நான் சேர்க்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. நேற்று இரவு எல்லாவற்றையும் ஒரே லேப்டாப்பில், வேறு எதுவும் ஓடாதபோது மும்முறை அளந்தேன். பழைய சி++ நிரல் அந்தத் தெரிவோடு ஏழு நிமிடத்தில் முடிந்தது. பைத்தானில் கவுண்ட்டரைப் பயன்படுத்தியபோது, கோப்பைப் படிக்கும் நேரத்தையும் சேர்த்து, நான்கு விநாடியில் முடிந்துவிட்டது. நம்பிக்கை வராமல் பழைய விடையோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டேன். ஒரு சொல்கூட மாறவில்லை. சி++ இல் அன்ஆர்டர்ட் மேப் கொண்டு எழுதியது ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைவாக எடுத்தது.

ஆனால் இப்போது வேறொரு சிக்கல் வந்திருக்கிறது. இடைவெளியில் மட்டும் வெட்டுவதால் "வந்தான்" என்பதும் காற்புள்ளி ஒட்டிய "வந்தான்," என்பதும் தனித்தனிச் சொற்களாகின்றன. அதைச் சரிசெய்ய, ரெகெக்ஸில் (உரையில் எழுத்து வடிவங்களைத் தேடும் குறிமுறையில்) சொல்லெழுத்தைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ குறியைப் பயன்படுத்தினேன். சொற்கள் எல்லாம் சிதறிவிட்டன. இதையே கோ மொழியில் செய்து பார்த்த என் தோழிக்கு ஒரு தமிழ்ச் சொல்கூடக் கிடைக்கவில்லை. நாங்கள் எதைத் தவறாகச் செய்கிறோம்?

எழுத்தெண்ணி

இந்தக் கேள்விக்காகவே உள்ளே வந்தேன். தமிழ் உரையோடு வேலை செய்பவர்கள் மொழிகளை ஒப்பிட வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

யூனிகோடில் "தமிழ்நாடு" என்ற சொல் நாம் எழுதுவது போலச் சேமிக்கப்படுவதில்லை. "மி" என்பது மகரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியெண்கள், அதாவது யூனிகோட் ஒவ்வொரு குறிக்கும் தரும் எண்கள். "ழ்" என்பது ழகரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு. பைத்தானோடு வரும் ரெகெக்ஸ் தொகுதி தமிழில் உயிரெழுத்து, அகர மெய் போன்ற தனியெழுத்துகளை மட்டுமே சொல்லெழுத்து என்று ஏற்கிறது. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் ஏற்பதில்லை. ஆகவே "தமிழ்நாடு" அங்கே "தம", "ழ", "ந", "ட" என்று நான்கு துண்டுகளாகிறது. கோ மொழியிலோ அந்தக் குறி ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே குறிக்கும். உங்கள் தோழிக்கு ஒன்றும் கிடைக்காதது அதனால்தான். ஜாவாஸ்கிரிப்டிலும் இதே நிலைதான்; ஜாவாவிலும் தனியே ஒரு தெரிவைக் கொடுக்காதவரை இப்படித்தான். ரஸ்ட் மொழியில் பரவலாகப் பயன்படும் ரெகெக்ஸ் லைப்ரரி, உயிர்க்குறிகளையும் சேர்த்துக்கொள்வதால் தமிழ்ச் சொல்லை முழுதாகத் தரும். பைத்தானை விட்டுவிட வேண்டியதில்லை. தனியாக நிறுவக்கூடிய "ரெகெக்ஸ்" என்ற பெயருள்ள தொகுதி இதைச் சரியாகச் செய்யும். அல்லது யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களை மட்டும் எல்லையாகக் கொடுத்துவிடலாம்.

"தமிழ்" என்ற சொல்லின் நீளத்தையே கேட்டுப் பாருங்கள். நமக்கு மூன்று எழுத்து. பைத்தானும் ஜாவாவும் 5 என்று சொல்லும். கோவும் ரஸ்டும் பைட்டுகளை எண்ணுவதால் 15 என்று சொல்லும். ஸ்விஃப்ட் மட்டும் 3 என்று சொல்லும். எதுவும் பிழையன்று, ஆனால் எது எதை எண்ணுகிறது என்று தெரியாமல் எழுத்தெண்ணிக்கை அட்டவணை போட்டால் ஆய்வேடு பிழையாகிவிடும்.

அடுத்து வரும் ஆபத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். "கொ" என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். பல ஆண்டுகளில், பல கருவிகளால் தட்டச்சு செய்து, சில பழைய குறியேற்றங்களிலிருந்து மாற்றப்பட்ட மின்னூல்களில் இரண்டு வடிவமும் கலந்திருக்க வாய்ப்பு மிகுதி. எண்ணுவதற்கு முன் எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவுக்கு மாற்றிவிட வேண்டும். பைத்தானில் யூனிகோட்டேட்டா தொகுதி உடன் வருகிறது. ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் அந்த வசதி உள்ளேயே உண்டு. கோ, ரஸ்ட் இரண்டிலும் கூடுதல் தொகுதியைச் சேர்க்க வேண்டும். சி++ இன் நிலையான லைப்ரரியில் இதற்கு ஒன்றுமே இல்லை. யூனிகோட் வேலைகளுக்கென உள்ள ஐசியூ போன்ற பெரிய லைப்ரரியைத்தான் நாட வேண்டும். நான்கு விநாடியை ஒரு விநாடியாக்கிய சி++ இந்த இடத்தில் உங்களிடம் பல நாள்களைக் கேட்கும்.

அகரவரிசையும் அப்படித்தான். யூனிகோட் வரிசையில் ஜகரம் சகரத்தை அடுத்தும், னகரம் நகரத்தை அடுத்தும் நிற்பதால், எந்த மொழியில் சாதாரணமாக வரிசைப்படுத்தினாலும் நம் அகராதி வரிசை வராது. அதற்கும் ஐசியூவே வழி. பைத்தானிலிருந்தே அதை அழைக்கலாம்.

தேன்மொழி

ஐயா, என்எஃப்சி வடிவுக்கு மாற்றி, தமிழ் எழுத்துகளை மட்டும் கொண்டு வெட்டியதும் தனிச்சொற்கள் 2,40,000 ஆகக் குறைந்துவிட்டன. "கொண்டு" என்ற சொல் முன்பு பட்டியலில் இரண்டு இடத்தில் இருந்தது, இப்போது ஒன்றாகிவிட்டது. நேரம் ஏழு விநாடியாக உயர்ந்தது, அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

கடைசியாக ஒரு கேள்வி. லகர ளகர ழகர மயக்கங்களையும் ஒருங்குறி மாற்றத்தில் நேர்ந்த பிழைகளையும் கண்டுபிடிக்க, ஒவ்வொரு சொல்லையும் மற்ற எல்லாச் சொற்களோடும் ஒப்பிட்டு எத்தனை எழுத்து மாறுகிறது என்று கணக்கிட நினைக்கிறேன். இதையும் பைத்தானிலேயே செய்யலாமா?

குறிமுறைஞர்

இங்கேதான் மொழியின் வேகம் உண்மையிலேயே பேசும். 2,40,000 சொற்களுக்கு இணைகள் 2,880 கோடி. சொல்லுக்கு எட்டுக் குறியெண் என்று வைத்தால் ஓர் இணைக்கு எட்டுக்கு எட்டு ஒப்பீட்டு அட்டவணையின் 64 கட்டங்களை நிரப்ப வேண்டும். ஒரு கட்டத்துக்கு 100 நானோ விநாடி ஆகும் என்று கொண்டால் 51 மணி நேரம். வெறும் பைத்தான் லூப்பில் அதைவிடக் கூடவே ஆகும். பைத்தானில் ஒவ்வொரு எண்ணும் ஒரு பொருள். ஒவ்வொரு கூட்டலிலும் அதன் வகையைப் பார்த்து, உரிய செயலைத் தேடி, விடையைப் பொருளாக்கித் திரும்ப வேண்டும். செம்மைப்படுத்திய சி++ இலோ ரஸ்டிலோ அந்தக் கட்டத்தை ஏறத்தாழ ஒரு நானோ விநாடியில் நிரப்ப முடிந்தால், அரை மணி நேர வேலை. இப்படிப்பட்ட வெற்றுக் கணக்கில்தான் நூறு மடங்கு என்ற பேச்சு பொருந்தும்.

ஆனாலும் நீங்கள் சி++ எழுத வேண்டாம். ரேபிட்ஃபஸ் என்ற தொகுதியின் உட்பகுதி சி++ இல் எழுதப்பட்டது. அதைப் பைத்தானிலிருந்து அழைத்தாலே போதும். அதற்கும் முன்பாக இணைகளைக் குறையுங்கள்: ஓரிரு முறை மட்டும் வந்த சொற்களை, நூறு முறைக்கு மேல் வந்த சொற்களோடு மட்டும், அதுவும் நீள வேறுபாடு இரண்டுக்கு மேற்படாதவற்றோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

வைகைக்கரையான்

இன்னொரு சிறு யோசனை. லகர ளகர ழகரத்தை ஒரே குறியாகவும், ரகர றகரத்தை ஒரே குறியாகவும், நகர னகர ணகரத்தை ஒரே குறியாகவும் மாற்றிக்கொண்டு, அப்படி மாற்றிய வடிவத்தை டிக்ஷனரியின் சாவியாக வைத்துப் பாருங்கள். மயக்கத்துக்கு இடமுள்ள சொற்கள் தாமாகவே ஒரே குழுவில் வந்து விழும். இணை ஒப்பீடே தேவைப்படாது. "பள்ளி", "பல்லி" போல இரண்டுமே சரியான சொற்களாக உள்ளவற்றை நீங்களே பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

தேன்மொழி

ஐயா, குழு சேர்க்கும் முறையை இப்போதே செய்து பார்த்தேன். ஒன்பது விநாடியில் முடிந்தது. "பழக்கம்" என்ற சொல்லின் குழுவில் "பளக்கம்" என்ற வடிவமும் இரண்டு முறை வந்து சேர்ந்திருக்கிறது. அந்த இரண்டு இடங்களையும் மூல நூலோடு ஒப்பிட்டுத் திருத்தத் தொடங்கிவிட்டேன். எஞ்சிய பிழைகளுக்கு ரேபிட்ஃபஸ் நிறுவிக்கொண்டிருக்கிறேன். கேள்வி தீர்ந்தது என்று குறித்துவிடுகிறேன்.