5 மாதக் குழந்தைக்குக் கன்னத்தில் கரப்பான்: எந்தச் சோப்பு, எந்த எண்ணெய்?

மஞ்சக்குப்பம்_அம்மா எழுதியது:

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு 5 மாதம் முடிந்து 6 நடக்கிறது. மூன்றாம் மாதத்தில் இரண்டு கன்னத்திலும் சிவந்து சொரசொரவென்று வந்தது. ‘பால் கரப்பான், தானாக உதிரும்’ என்றார் மாமியார். உதிரவில்லை. இப்போது முழங்கையின் வெளிப்பக்கம், கணுக்கால் என்று இறங்கியிருக்கிறது. டயப்பர் கட்டும் இடம் மட்டும் சுத்தமாக இருக்கிறது. இரவெல்லாம் கன்னத்தை என் தோளில் வைத்துத் தேய்க்கிறாள். காலையில் நைட்டியின் தோள்பட்டையில் பொட்டுப் பொட்டாக ரத்தம். அதைப் பார்த்த பிறகு எந்த வேலையும் ஓடுவதில்லை.

தினமும் நாங்கள் செய்வதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஆலிவ் எண்ணெய், சீமந்தத்துக்கு வந்த கிஃப்ட் பெட்டியில் இருந்தது. அப்புறம் மாமியார் செய்த குளியல் பொடி: பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ், கார்போகரிசி. எல்லாம் காயவைத்துத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மில்லில் அரைத்தது. குளித்ததும் பேபி லோஷன், பவுடர், சாம்பிராணிப் புகை. அதன் பிறகு மொட்டைமாடியில் இளவெயிலில் கால் மணி நேரம். எங்கள் வீட்டில் போர் தண்ணீர், வாளி விளிம்பில் வெள்ளையாகப் படியும்.

இரண்டு வாரமாக நெற்றியிலும் இடது கையிலும் கருந்திட்டு ஒன்று வந்திருக்கிறது. கன்னத்துச் சிவப்பு மாதிரி இல்லை, சூடு பட்ட தழும்பு மாதிரி. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த ட்யூபை 4 நாள் தடவினேன். கன்னம் பளிச்சென்று ஆனது. நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாக வந்தது.

என்ன சோப்பு வாங்குவது? எதை நிறுத்துவது? மாமியார் அந்தப் பொடிக்காக நான்கு நாள் வெயிலில் உட்கார்ந்து காக்கை விரட்டியவர். அவர் மனம் நோகாமல் செய்ய வேண்டும்.

நெல்லிக்குப்பம்_தாத்தா எழுதியது:

அம்மா, சோப்பைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பாப்பாவுக்குப் போடும் பழைய துணிகள் பீரோவில் அந்துருண்டையோடு இருந்தவையா? எங்கள் பேரன் பிறந்தபோது பெரியவனின் சட்டைகளை அப்படியே எடுத்துப் போட்டோம். டாக்டர் வாசனையைப் பிடித்துவிட்டு உடனே கழற்றச் சொன்னார். அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் மூச்சிலும் தோலிலும் உள்ளே போகுமாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைக்கு அதனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரும் என்றார். எங்கள் பேரனுக்கு நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. இப்போது எங்கள் பீரோவில் அந்துருண்டையே கிடையாது.

லாஸ்பேட்டை_அக்கா எழுதியது:

தங்கச்சி, உன் நைட்டித் தோள்பட்டை எனக்கு நன்றாகத் தெரியும். என் மகளுக்கு இப்போது 14 வயது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது என் தோள்பட்டையும் அப்படித்தான் இருந்தது. புதுச்சேரியில் மருந்துக்கடையில் 11 வருடம் நின்றவள் நான். டாக்டர் இல்லை. அதனால் பாப்பாவை ஒருமுறை தோல் மருத்துவரிடம் காட்டிவிடு. கோரிமேடு ஜிப்மரில் தோல் பிரிவு இருக்கிறது, கடலூரில் இருந்து பஸ் ஏறினால் வந்துவிடலாம்.

நீ எழுதியதில் இரண்டு தனித்தனிச் சங்கதி இருப்பதாக எனக்குப் படுகிறது. கன்னம், முழங்கை, கணுக்கால், டயப்பர் இடம் மட்டும் சுத்தம் என்பது இந்த வயதுக் கரப்பானுக்கே உரிய அடையாளம். அது சோப்பால் மட்டும் வருவதில்லை. பிறவியிலேயே தோலின் வேலி கொஞ்சம் ஓட்டையாக இருக்கும், நாம் போடும் பொருள் அந்த ஓட்டையைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். நெற்றியிலும் கையிலும் வந்த கருந்திட்டு வேறு. அதற்குக் கார்போகரிசி மேல்தான் என் சந்தேகம்.

கறுப்பாக, சின்னதாக, அவரை விதையைத் தட்டி வைத்தது போல இருக்குமே, அதுதான். சித்த வைத்தியத்தில் வெண்புள்ளிக்கு அதைக் கொடுப்பார்கள். காரணம், அதில் சோராலன் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் தோல் கருக்கும், சில சமயம் கொப்பளமே வரும். வெண்புள்ளிக்கு வேண்டியதே அந்தக் கருப்புதான். உன் பாப்பாவுக்கு அதைத் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டு நேராக மொட்டைமாடிக்குக் கொண்டுபோகிறாய். சட்டை மறைக்காத நெற்றியும் கையும்தானே கருத்திருக்கின்றன? இடது கைதான் வெயில் பக்கம் இருக்குமா என்று பார்த்துச் சொல்.

பொடியை இப்போதைக்கு நிறுத்த எனக்கு இன்னும் இரண்டு காரணம் உண்டு. ஒன்று மில். நமக்கு முன்னால் யாராவது மிளகாய் அரைத்திருப்பார்கள். சுத்தமான தோலில் அது தெரியாது, வெடித்த தோலில் எரியும். இன்னொன்று பயறு. உணவுப் பொருளை வெடித்த தோல் மேல் தேய்த்துக்கொண்டே இருந்தால் உடம்பு அதை எதிரி என்று எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த ஒரு முகச் சோப்பைத் தேய்த்தவர்களில் 2,000 பேருக்கு மேல் கோதுமை ஒவ்வாமை வந்தது. முன்பு சாப்பிட்ட கோதுமையே பிறகு ஆகவில்லை. உன் மகள் இன்னும் பயறு சாப்பிடவே ஆரம்பிக்கவில்லை. வாய் வழியாகப் பழகட்டும்.

சோப்பு விஷயத்துக்கு வருகிறேன். கடையில் நின்றபோது தாய்மார் முன்பக்கம் பார்த்து வாங்குவார்கள், அதில் குழந்தை சிரிக்கும். நான் டப்பாவைத் திருப்பிக் காட்டுவேன். பின்பக்கம் ‘சோடியம் பாமேட்’, ‘சோடியம் பாம் கெர்னலேட்’ என்று தொடங்கினால் அது சோப்பு. டி.எஃப்.எம். 76 சதவீதம் என்று முதல் தரமாகவே இருக்கட்டும், கொழுப்பு எவ்வளவு என்றுதான் அந்த எண் சொல்லும். சோப்பின் பி.எச்., அதாவது அமிலமா காரமா என்று சொல்லும் அளவு, 9, 10 என்று காரமாக இருக்கும். தோலின் பி.எச். 5, 5.5. ‘சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட்’ என்று தொடங்கினால் அது சிண்டெட், அதாவது சோப்பு இல்லாத கழுவும் கட்டி. அதைத் தோலின் அளவுக்கு ஒட்டி வரும்படி செய்யலாம். உங்கள் ஊர் உப்புத் தண்ணீருக்கு அதுதான் சரி. சோப்பு கடினத் தண்ணீரில் கலந்தால் திரிந்து பிசுக்காகத் தோலில் ஒட்டும், சிண்டெட் அப்படித் திரியாது. அதையும் கழுத்து மடிப்பு, அக்குள், டயப்பர் இடத்துக்கு மட்டும் போடு. மற்ற இடத்துக்கு வெறும் வெதுவெதுப்பான தண்ணீர், 5 நிமிடம் போதும்.

லோஷனில் நான் முதலில் தேடுவது ஒரே சொல்: பெர்ஃப்யூம், ஃப்ராக்ரன்ஸ், பர்ஃபம். மூன்றும் ஒன்றுதான். அது இருந்தால் வேண்டாம். ‘அன்சென்டட்’ என்று போட்டதையும் நம்பாதே, வாசனையை மறைக்க வேறொரு வாசனை சேர்த்திருக்கலாம். ‘ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்று இருக்க வேண்டும். பிரான்சில் இருந்து சொந்தக்காரர்கள் அனுப்பும் டப்பா இங்கே பல வீட்டில் இருக்கும், அதில் ‘சான் பர்ஃபம்’ (வாசனை இல்லாதது) என்று தேடச் சொல்வேன். ‘ஹைப்போ அலர்ஜெனிக்’ என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம், அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.கூட அதற்கு அளவுகோல் எதுவும் வைக்கவில்லை. ஈரத் துடைப்பானில் ‘மெத்தில் ஐசோதயசோலினோன்’ என்று இருந்தால் தள்ளி வை. அது தோலில் ஒவ்வாமை உண்டாக்குவதால் ஐரோப்பாவில் 2017 முதல் கழுவாமல் விடும் பொருட்களில் தடை. வீட்டில் பஞ்சும் தண்ணீரும் இருக்கும்போது துடைப்பான் எதற்கு?

ஆலிவ் எண்ணெய் வேண்டாம். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் 2013-ல் வெளியிட்ட ஆய்வில் ஆலிவ் எண்ணெய் தோலின் வேலியைத் தளர்த்தியது, சூரியகாந்தி எண்ணெய் தளர்த்தவில்லை. பவுடர் எங்குமே வேண்டாம், குழந்தை அதை மூச்சில் இழுக்கும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் முகமையும் 2024-ல் பவுடரில் இருக்கும் டால்க்கை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்ற பிரிவில் சேர்த்துவிட்டது. சாம்பிராணிப் புகையும் அந்தச் சின்ன நுரையீரலுக்கு வேண்டாம்.

அப்படியானால் எதைப் போடுவது? வாசனை இல்லாத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி. விலை குறைவு என்று யாரும் மதிப்பதில்லை, எனக்கு அதைவிட உதவியது எதுவும் இல்லை. துண்டால் ஒற்றி எடு, தேய்க்காதே. தோல் ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் தடவு. சட்டைக்குள் விரல் வழுக்கும் அளவுக்குத் தாராளமாக. என் மகளுக்கு வாரம் 100 கிராம் தீர்ந்தது. புழுக்க நாளில் வேர்க்குரு எட்டிப்பார்த்தால் அங்கே மட்டும் மெல்லிசாக.

கடைசியாக அந்த ட்யூப். இன்னொருத்தர் வீட்டு ட்யூபைக் குழந்தைக்குத் தொடவே கூடாது. நான் நின்ற கவுண்ட்டரிலேயே சீட்டு இல்லாமல் கேட்டு வருவார்கள், கொடுக்காவிட்டால் கோபிப்பார்கள். பலமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமி மருந்து மூன்றும் கலந்ததாக இருக்கும். முதல் நாளே பளிச்சென்று ஆவது ஸ்டீராய்டால். தொடர்ந்து தடவினால் கன்னத்துத் தோல் காகிதம் போல மெலியும், மருந்து உடம்புக்குள்ளும் போகும். ஸ்டீராய்டே கெட்டது என்று சொல்லவில்லை. மருத்துவர் எந்தப் பலத்தில், எத்தனை நாள் என்று எழுதிக் கொடுத்தால் பயப்படாமல் போடு. பயந்து பாதியில் விட்டதால் என் மகள் வீணாக மூன்று மாதம் அவதிப்பட்டாள்.

குயிலாப்பாளையம்_சோப்பு எழுதியது:

கையால் சோப்பு செய்யும் ஒரு கூடத்தில் வேலை செய்கிறேன். இதைச் சொன்னால் எங்களுக்கு ஒரு கட்டி குறைவாக விற்கும், பரவாயில்லை. தேங்காய் எண்ணெயும் காரமும் சேர்த்துச் செய்வது எதுவானாலும் அதன் பி.எச். 9-க்குக் கீழே போகாது. ஆட்டுப்பால் ஊற்றினாலும் அப்படித்தான். லாவெண்டர், எலுமிச்சைப்புல் எண்ணெய் எல்லாம் செடியில் இருந்து வந்தாலும் வாசனைதான், கரப்பான் தோலுக்கு உறுத்தும். தோலைப் புண்ணாக்கும் சேராங்கொட்டையும் மரத்தில்தான் காய்க்கிறது. குழந்தைக்குக் கரப்பான் என்று வருபவர்களுக்கு நான் எங்கள் சோப்பைக் கொடுப்பதில்லை.

துணி துவைக்கும் பவுடரையும் பாருங்கள். அலசும் தண்ணீரில் ஊற்றும் வாசனைத் திரவத்தை நிறுத்திவிட்டு, ஒருமுறை கூடுதலாக அலசுங்கள். குழந்தையுடையது மட்டும் போதாது, அவள் கன்னம் தேய்க்கும் உங்கள் நைட்டியையும்.

மஞ்சக்குப்பம்_அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தாத்தா, பீரோவில் அந்துருண்டை இருந்தது, எடுத்து எறிந்தாயிற்று. அக்கா, மொட்டைமாடியில் கிழக்கே பார்த்து உட்காருவோம், இடது கைதான் வெயிலில் இருந்திருக்கிறது. தோல் டாக்டரும் கார்போகரிசியைத்தான் சொன்னார். கருப்பு மங்க மாதங்கள் ஆகுமாம். கன்னத்துக்கு லேசான ஸ்டீராய்டு 5 நாள் எழுதினார், முழுதும் போட்டேன். ஜெல்லி தினம் மூன்று வேளை. நைட்டியில் ரத்தப் பொட்டு பார்த்து 9 நாள் ஆகிறது. கணுக்கால் மட்டும் இன்னும் சொரசொரப்பு.

மாமியாரிடம் டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அந்தப் பொடி டப்பாவை எடுத்துத் தன் குளியலறையில் வைத்துக்கொண்டார். இப்போது பாப்பாவுக்கு ஜெல்லி தடவுவது அவர்தான், அவர் கைதான் மெத்தென்று இருக்கிறது.

ஒரு கேள்வி பாக்கி. அடுத்த மாதம் திருவந்திபுரத்தில் மொட்டை போடுவதாக வேண்டுதல். தலையில் சந்தனம் பூசலாமா?

லாஸ்பேட்டை_அக்கா எழுதியது:

9 நாள் என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது தங்கச்சி. மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்.

தலையில் செதிலோ சிவப்போ இருந்தால் மொட்டையைத் தள்ளிப் போடு. தேவநாதசுவாமி காத்திருப்பார். தலை சுத்தமாக இருந்தால் கண்ணெதிரே புது பிளேடு மாற்றச் சொல். கடையில் விற்கும் சந்தனப் பொடியில் வாசனையும் சாயமும் சேர்ந்திருக்கலாம், அது வேண்டாம். வீட்டில் கட்டை இருந்தால் கல்லில் இழைத்து, இப்போதே பாப்பாவின் முழங்கை மடிப்பில் பொட்டளவு வைத்து மூன்று நாள் பார். சிவக்காவிட்டால் அன்றைக்குச் சம்பிரதாயத்துக்கு ஒரு தீற்று, வீட்டுக்கு வந்ததும் கழுவிவிட்டு ஜெல்லி. மறக்காமல் ஒரு பருத்தித் தொப்பி எடுத்துப் போ, புதுத் தலைக்கு வெயில் ஆகாது.