புதுப்பிப்பு: ‘ஆவணங்கள்’ பக்கப்பட்டைக் குறிப்பு திருத்தப்பட்டது

கேட் (Kate) என்னும் உரைத்தொகுப்பியில் திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் ‘ஆவணங்கள்’ பக்கப்பட்டை பற்றிக் கல்லடியில் எங்கள் கணினி வகுப்புக்கு எழுதிய தமிழ்க் குறிப்பைச் சரிபார்த்துத் தரும்படி சென்ற வாரம் கேட்டிருந்தேன். உதவியவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

கோப்புகளைக் கோப்புறைவாரியாகக் காட்டும் மரக்காட்சியையும், பெயர்களை மட்டும் வரிசையாகக் காட்டும் பட்டியற்காட்சியையும் நான் ஒரே பத்தியில் குழப்பியிருப்பதாகச் சுட்டிக்காட்டினீர்கள்; அது உண்மைதான். அதன் விளைவை நேரிலேயே கண்டேன். களுவாஞ்சிகுடியிலிருந்து வரும் மாணவி ஒருவர் ‘மட்டக்களப்பு’, ‘அம்பாறை’ என இரு கோப்புறைகளிலும் ‘வரவு’ என்றே கோப்பு வைத்திருந்தார். பட்டியலில் எது எந்த ஊருக்குரியது என்று புரியாமல் தவறானதைத் திருத்திச் சேமித்துவிட்டார். மரக்காட்சியில் ஒவ்வொரு கோப்பும் தன் கோப்புறையின் கீழ் நிற்கும். அந்தத் தடுமாற்றமே வந்திராது. இப்போது அவருடைய உதாரணத்தையே, அவரிடம் கேட்டுக்கொண்டு, குறிப்பின் தொடக்கத்தில் வைத்திருக்கிறேன்.

வரிசைப்படுத்தல் பற்றிக் குறிப்பில் இரண்டு வரி போதும்: கோப்புகளைத் திறந்த ஒழுங்கு, பெயர், பாதை (கோப்பு இருக்கும் இடம்) ஆகியவற்றின்படி வரிசைப்படுத்தலாம்.

பக்கப்பட்டையில் கோப்புப் பெயர்களுக்குப் பின்னால் தெரியும் பின்னணி நிழலை நான் அடியோடு விட்டிருந்தேன். அண்மையில் பார்த்த கோப்புக்கு அழுத்தமான நிழல் விழும். திருத்திய கோப்பில் வேறொரு நிறமும் கலக்கும். பல கோப்புகளோடு வேலை செய்பவருக்கு இது பெரிய துணை. படத்துடன் சேர்த்துவிட்டேன். சனிக்கிழமை வகுப்பில் புதிய பிரதியைக் கொடுக்கிறேன்.