எஸ்எல்எஸ், ஃபால்கன் ஹெவி: இவ்வளவு விலை வேறுபாட்டுக்கு அரசுதான் காரணமா?

கேள்வி

நாசாவின் எஸ்எல்எஸ் ராக்கெட்டையும் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் ஹெவியையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது ஒரு கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. மனிதரை மீண்டும் நிலவுக்கு அனுப்பும் ஆர்ட்டெமிஸ் திட்டத்தின் முதல் நான்கு பயணங்கள் ஒவ்வொன்றுக்கும் 410 கோடி டாலர் ஆகும் என்றும், அதில் ராக்கெட்டுக்கு மட்டும் 220 கோடி என்றும் நாசாவின் தலைமைத் தணிக்கையாளர் 2022 மார்ச்சில் தெரிவித்தார். ஃபால்கன் ஹெவியின் எந்தப் பகுதியையும் மீட்காமல் ஏவினாலும் ஏறத்தாழ 15 கோடி டாலர்தான் என்று 2018இல் சொல்லப்பட்டது. தாழ்புவி வட்டப்பாதைக்கு எஸ்எல்எஸ் 95 டன்னும் ஃபால்கன் ஹெவி ஏறத்தாழ 64 டன்னும் சுமக்கும். சுமையில் ஒன்றரை மடங்கு, செலவில் ஏறத்தாழ பதினைந்து மடங்கு. அரசு நடத்துவதுதான் இதற்குக் காரணமா?

மறுமொழி 1

எஸ்எல்எஸ் ராக்கெட்டையும் தனியார் நிறுவனங்களே தயாரிக்கின்றன: மையக் கட்டம் போயிங்கினுடையது, பக்கவாட்டு பூஸ்டர்கள் நார்த்ராப் கிரம்மனுடையவை. ஆகவே அரசா தனியாரா என்று பார்ப்பதைவிட, பணம் எந்த முறையில் கொடுக்கப்படுகிறது என்று பார்ப்பதே பொருத்தம். எஸ்எல்எஸ்ஸுக்கு, ஆகும் செலவு முழுவதையும் அரசு ஏற்றுக்கொண்டு அதன்மேல் லாபத்தொகையும் தரும் ஒப்பந்தங்கள் போடப்பட்டன. அதில் தாமதத்தின் சுமை நிறுவனத்தின் தலையில் விழுவதில்லை. 2016 இறுதிக்குள் தயாராக வேண்டும் என்று 2010ஆம் ஆண்டுச் சட்டம் சொன்ன ராக்கெட், 2022 நவம்பர் 16 அன்றுதான் முதன்முறையாகப் பறந்தது.

அந்தச் சட்டம் பழைய விண்வெளி ஓடத் (ஸ்பேஸ் ஷட்டில்) திட்டத்தின் ஒப்பந்தங்களையும் பாகங்களையும் இயன்றவரை பயன்படுத்தச் சொன்னது. விளைவைப் பாருங்கள்: மீண்டும் மீண்டும் பறப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட ஆர்எஸ்-25 எஞ்சின்களில் நான்கு இப்போது ஒவ்வொரு பயணத்திலும் கடலுக்குப் போகின்றன. புதிதாக ஒன்று செய்ய ஏறத்தாழ 10 கோடி டாலர் என்பது தணிக்கை அலுவலகத்தின் கணக்கு.

இதற்கு நேர்மாறாக, விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு அனுப்ப நாசா 2006இல் தொடங்கிய திட்டத்தில் ஒவ்வொரு படிநிலையையும் முடித்துக் காட்டினால் மட்டுமே ஸ்பேஸ்எக்ஸுக்குப் பணம் கிடைத்தது. அதற்காக ஸ்பேஸ்எக்ஸ் செய்த ஃபால்கன் 9 ராக்கெட்டைப் பழைய முறையில் தானே உருவாக்கியிருந்தால் ஏறத்தாழ 400 கோடி டாலர் ஆகியிருக்கும் என்று நாசாவே 2011இல் மதிப்பிட்டது. நிறுவனம் செலவிட்டதோ ஏறத்தாழ 30 கோடி.

மறுமொழி 2

ஒப்பந்த முறை பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கேள்வியில் உள்ள டன் கணக்கு பொருந்தாது. நிலவை நோக்கி வீரர்கள் பயணிக்கும் ஓரியன் கலத்தை ஒரே வீச்சில் அனுப்பவே எஸ்எல்எஸ் கட்டப்பட்டது. அந்தப் பாதையில் அது 27 டன் அனுப்பும். அதன் மேல்கட்டம் திரவ ஹைட்ரஜனை எரிப்பதால் தொலைதூரப் பயணத்தில் அதன் திறன் மண்ணெண்ணெய் எரிக்கும் ஃபால்கன் ஹெவியின் மேல்கட்டத்தைவிட உயர்ந்தது.

இதற்கு, வியாழனின் யூரோப்பா நிலவை ஆராயச் செல்லும் யூரோப்பா கிளிப்பர் நல்ல சான்று. எஸ்எல்எஸ்ஸில் ஏறியிருந்தால் மூன்றாண்டுக்குள் நேராக வியாழனை அடைந்திருக்கக்கூடிய அந்த விண்கலம், 2024 அக்டோபர் 14 அன்று ஃபால்கன் ஹெவியில் ஏவப்பட்டதால், செவ்வாயையும் பூமியையும் நெருங்கிக் கடந்து அவற்றின் ஈர்ப்பால் வேகம் கூட்டிக்கொண்டு 2030 ஏப்ரலில்தான் போய்ச் சேரும். இந்த மாற்றத்தால் ஏறத்தாழ 200 கோடி டாலர் மிச்சம் என்று நாசா கணக்கிட்டது. எஸ்எல்எஸ்ஸின் அதிர்வு அந்தக் கலத்துக்கு ஒத்துவராது என்ற கவலையும் இருந்தது. முடிவு சரியானதே. இருந்தாலும் காத்திருக்கும் அறிவியலாளர்களின் ஆண்டுகளுக்கும் ஒரு விலை உண்டு, அது இந்த ஒப்பீடுகளில் இடம்பெறுவதே இல்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

மறுமொழி 3

முன்பே பேசிய தொகைக்கு மேல் தராத நிலையான விலை ஒப்பந்தம் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. வீரர்களை விண்வெளி நிலையத்துக்கு ஏற்றிச்செல்லும் ஸ்டார்லைனர் கலத்துக்காக 2014இல் போயிங் பெற்றது அத்தகைய ஒப்பந்தம்தான். அதில் நிறுவனத்துக்கு நூறு கோடி டாலருக்கும் மேல் இழப்பு. 2024 ஜூனில் இரு வீரர்களை ஏற்றிச்சென்ற கலம் செப்டம்பரில் ஆளில்லாமல் திரும்பியது.

என் பார்வையில் எத்தனை முறை பறக்கிறது என்பதே பெரிய காரணம். ஃபால்கன் ஹெவி அபூர்வமாகத்தான் பறக்கிறது. ஆனால் அதன் எஞ்சின்களும் அதை ஏவும் குழுவும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பறக்கும் ஃபால்கன் 9இனுடையவை. எஸ்எல்எஸ்ஸுக்கு அப்படி ஒரு தம்பி கிடையாது. 2022 செப்டம்பர் 3 அன்று ஹைட்ரஜன் கசிவால் அதன் ஏவுதல் கைவிடப்பட்டது. நவம்பரில் ஏவிய இரவிலும் ஒரு வால்வு கசிய, எரிபொருள் நிரம்பிய ராக்கெட்டின் அடிவாரத்துக்கே ஒரு சிறு குழு சென்று மரைகளை இறுக்கிவிட்டு வந்தது. அவர்களுடைய துணிவுக்குத் தலைவணங்குகிறேன். வாரந்தோறும் நிரப்பும் குழுவுக்கு இத்தகைய கசிவின் குணம் கைப்பழக்கத்திலேயே தெரிந்துவிடும். ஆண்டுக்கணக்கில் இடைவெளி விழும் குழு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பழைய முறையை முற்றிலும் கைவிட்டு, கடைசியில் ஒரே ஒரு நிறுவனம் மிஞ்சினால் விலை மீண்டும் ஏறாதா?

மறுமொழி 1

ஏறும். அதனால்தான் நிலவில் இறங்கும் கலத்துக்கு 2021இல் ஸ்பேஸ்எக்ஸைத் தேர்ந்த நாசா, 2023இல் ப்ளூ ஆரிஜினுக்கும் 340 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. அந்நிறுவனத்தின் நியூ க்ளென் 2025 ஜனவரியில் தன் முதல் பயணத்திலேயே வட்டப்பாதையை எட்டியது. மறுமொழி 3 சொன்னபடி பறக்கும் எண்ணிக்கைதான் விலையைத் தீர்மானிக்கிறது என்றால், இரண்டாவது நிறுவனத்துக்கும் ஆண்டுக்கு இத்தனை ஏவுதல்கள் வாங்குவோம் என்ற உறுதியை அரசு தர வேண்டும். முதல் நிறுவனத்தின் விலை அப்போதைக்குக் குறைவாக இருந்தாலும்கூட.