மூன்று மாதத்துக்கு ஒரு ஊர்: ஓ.டி. அலைகிற வேலையா, உட்கார்கிற வேலையா?

நாலாம்தலைமுறை:
டிசம்பரோடு என் கம்யூனிட்டி சர்வீஸ் முடிகிறது. தெரியாதவர்களுக்கு ஒரு வரி: தென்னாப்பிரிக்காவில் ஆக்குபேஷனல் தெரபி (ஓ.டி., நோயிலும் விபத்திலும் முடங்கினவர்களை அன்றாட வேலைகளுக்குத் திரும்பப் பழக்குகிற சிகிச்சை) நாலு வருடம் படித்தாலும், அரசு அனுப்புகிற ஆஸ்பத்திரியில் ஒரு வருடம் வேலை பார்த்த பிறகுதான் சொந்தமாகத் தொழில் செய்யப் பதிவு தருவார்கள். 2003லிருந்து எங்களுக்கும் இதுதான் விதி. எனக்கு விழுந்தது வடக்கு குவாசூலு-நட்டாலின் ஒரு மூலை, டர்பனிலிருந்து என்-2 சாலையில் ஹ்லுஹ்லுவே வரை போய், அங்கே பிரிந்து மொசாம்பிக் எல்லைப் பக்கம், மொத்தம் ஐந்து மணி நேரம்.

இப்போது டர்பனில் ஒரு கிளினிக் நிரந்தர வேலை தருகிறேன் என்கிறது. எனக்கு அது வேண்டாம். லோக்கம் ஒப்பந்தம், அதாவது ஆள் இல்லாத இடத்தில் தற்காலிகமாக வேலை பார்க்கிற ஒப்பந்தம், எடுத்து மூன்று மாதம் ஒரு ஊர், மூன்று மாதம் இன்னொரு ஊர் என்று போகப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இதைச் சொன்னதும் பெரிய சண்டை, அதனால்தான் இங்கே வந்து கொட்டுகிறேன்.

என் கட்சி இதுதான். கிளினிக்கில் உட்கார்ந்திருக்கிற ஓ.டி.க்கு நோயாளியின் கை தெரியும், அந்தக் கை வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பது தெரியாது. நான் போகிற வீடுகளில் மண் தரை, வெளியே முழுக்க மணல். நாங்கள் கொடுக்கிற சக்கர நாற்காலியின் முன்சக்கரம் பத்தடி போவதற்குள் புதைந்துவிடும். கழிப்பறை வீட்டுக்குப் பின்னால் குழி, தண்ணீர் 20 லிட்டர் கேனில் தலைச்சுமை. இதையெல்லாம் டர்பன் கிளினிக்கின் மேசையில் உட்கார்ந்து எப்படிச் சொல்லித்தருவீர்கள்?

வெல்க்ரோ:
22 வருடமாகக் கை சிகிச்சை மட்டும் பார்க்கிறேன், நீ சொல்கிற அந்த டர்பன் மேசைதான் என்னுடையது, அதனால் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன் தங்கச்சி.

மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்துக் கை வெந்த பிள்ளைகளைப் பார்த்திருப்பாய். தழும்பை அழுத்திப் பிடிக்கிற இறுக்கமான துணி, பிரஷர் கார்மெண்ட், அதை ஒரு நாளைக்கு 23 மணி நேரம் போட வேண்டும், தழும்பு அடங்க ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகும். அந்தத் துணியின் இழுவை ஏறக்குறைய மூன்று மாதத்தில் போய்விடும், அப்புறம் புதிதாக அளவெடுத்துத் தைக்க வேண்டும். அதாவது துணி தளர்கிற அதே வாரத்தில் நீ பெட்டி கட்டுவாய். அடுத்து வருகிறவளுக்கு அந்தப் பிள்ளை முதலில் எப்படி இருந்தான் என்றே தெரியாது, விரல் மடங்கிப்போய் ஒட்டிக்கொண்டதை "எப்போதும் இப்படித்தான் போல" என்று எழுதிவிட்டுப் போவாள். கற்பனை இல்லை, அப்படி எழுதின தாளோடு என்னிடம் வந்தார்கள்.

வீட்டைப் பார்ப்பது நல்லதுதான், யார் மறுத்தது? ஆனால் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவதற்குப் பெயர் சுற்றுலா.

டோங்காட்காரன்:
எனக்கு மருத்துவம் தெரியாது அம்மா, ஒரு பெண்ணைப் பெற்ற தகப்பனாகக் கேட்கிறேன். ராத்திரி அந்தச் சாலையில் மாடு குறுக்கே வரும், போனில் சிக்னல் இருக்காது, ஒப்பந்தம் முடிந்து அடுத்தது கிடைக்கிற வரை சம்பளமும் இல்லை. மெடிக்கல் எய்டு, பென்ஷன் எல்லாம் யார் கட்டுவார்கள்? எங்கள் தாத்தா கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலியாக வந்தவர். கிரிமிட் என்கிற அஞ்சு வருட ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தார். ஒப்பந்தம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நீ சிரிப்பாய், சிரி.

நாலாம்தலைமுறை:
சிரிக்கவில்லை ஐயா, எங்கள் வீட்டிலும் அதே கதைதான். ராத்திரி ஓட்டுவதில்லை, அது என் சட்டம். பென்ஷன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

வெல்க்ரோ அக்கா, தழும்புக் கணக்கில் ஜெயித்தீர்கள். ஆனால் தசைநாண் தைத்த கைக்கு என்ன கணக்கு? ஆறு வாரம் ஸ்பிளிண்ட் (கையை அசையாமல் தாங்குகிற அச்சு), 12 வாரத்தில் பாரம் தூக்கலாம். அது என் ஒப்பந்தத்துக்குள் அழகாக அடங்குகிறதே!

விளையாட்டு போதும். நான் போகாவிட்டால் அந்த இடத்தில் நிரந்தரமாக ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துப் பேசுகிறீர்கள். என் ஆஸ்பத்திரியில் நிரந்தர ஓ.டி. இடம் காலி. கம்யூனிட்டி சர்வீஸ்காரர்கள் ஒவ்வொரு ஜனவரியிலும் மாறுகிறார்கள், ஆக மாறிக்கொண்டே இருப்பதை அரசாங்கமே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. ஆஸ்பத்திரி வண்டி ஒரு கிளினிக்குக்கு மாதம் ஒரு தடவை போகும். மழை பெய்தால் அதுவும் இல்லை. நிரந்தரமாக இருந்தாலும் ஒரு பிள்ளையை வருடத்துக்குப் பன்னிரண்டு தடவைதான் பார்ப்பேன்.

இந்த வட்டாரத்தில் ம்செலேனி என்ற ஊர்ப் பக்கம் ஒரு மூட்டு நோய் உண்டு, அந்த ஊர்ப் பெயரிலேயே மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறது. இடுப்பு மூட்டு தேய்ந்துபோகும், பெண்களுக்கு அதிகம், காரணம் இன்றுவரை தெரியவில்லை. அந்த அம்மாக்கள் குனிய முடியாமல் எப்படி அடுப்பு மூட்டுகிறார்கள் என்பதை அவர்கள் முற்றத்தில் நின்று பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. பாடப்புத்தகத்தில் நீண்ட கைப்பிடி இடுக்கி என்று போட்டிருக்கும். அவர்களில் ஒருவர் மூன்று கால் இரும்புச் சட்டியைச் செங்கல் அடுக்கி இடுப்பு உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தார். அதை அடுத்த வீட்டுக்கு நான் எடுத்துப் போனேன், அவ்வளவுதான் என் சிகிச்சை.

ஆயாவின்பேத்தி:
நோயாளி வீட்டுப் பக்கத்திலிருந்து யாராவது பேச வேண்டாமா? டர்பன் ஃபீனிக்ஸில் எங்கள் ஆயாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஒரே வருடத்தில் மூன்று ஓ.டி. மூவரும் முதல் நாள் "வீட்டில் எத்தனை படி?" என்றுதான் ஆரம்பித்தார்கள். மூன்றாவது தடவை ஆயா, "முதல்ல கேட்டவகிட்ட போய் எண்ணிக்க" என்றாள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது, தோள் இறங்கிவிடும் என்று முதல் பெண் சொன்னாள். அதை யாரும் எழுதி வைக்கவில்லை, வீட்டில் ஆள் மாற மாறத் தூக்கித் தூக்கியே தோள் வலி வந்தது. வெல்க்ரோ அக்கா சொல்வதை நாங்கள் அனுபவித்தோம்.

ஆனால் நிரந்தர வேலையில் இருந்தவர் ஒருநாளும் வீட்டுக்கு வரவில்லை. வந்தது ஆறு வாரம் மட்டும் இருந்த லோக்கம் பெண். அவள்தான் ஆயாவிடம் என்ன செய்ய ஆசை என்று கேட்டாள். புரட்டாசிக்கு உருளைக்கிழங்குக் கறி தன் கையால் செய்ய வேண்டுமாம். ஒரு மரப்பலகையில் துருப்பிடிக்காத ஆணி இரண்டை அடியிலிருந்து மேலே வருகிற மாதிரி அடித்துக் கொடுத்தாள். கிழங்கை அதில் குத்தி நிறுத்திவிட்டு இடது கையால் தோல் சீவலாம். முதல் நாள் ஒரு கிழங்குக்குக் கால் மணி நேரம் ஆனது. ஆயா யாரையும் கிட்டே விடவில்லை. அந்த லோக்கம் பெண்ணின் பெயர் எங்களுக்கு மறந்துபோச்சு, பலகை இன்னும் அடுப்படியில் தொங்குகிறது.

பதின்மூன்றுவாரம்:
பிரிட்டோரியாவில் படித்தவள், கல்யாணமாகி அமெரிக்கா வந்தேன். இங்கே டிராவல் ஓ.டி. என்பது தனித் தொழிலாகவே நடக்கிறது, வழக்கமான ஒப்பந்தம் 13 வாரம். நாலாம்தலைமுறைக்கு இந்த ஆசையும் இருக்கும் என்று தோன்றுவதால் சொல்கிறேன். என்பிசிஓடி என்ற அமெரிக்க ஓ.டி. சான்றிதழ்த் தேர்வு எழுத வேண்டும், மாநிலத்துக்கு மாநிலம் உரிமம் கேட்பார்கள், 2007லிருந்து புதிதாக வருகிறவர்களின் படிப்பு முதுகலை அளவில் இருக்க வேண்டும். விசா கையில் இல்லாவிட்டால் ஏஜென்சி திரும்பியும் பார்க்காது.

சம்பளம் பெரிதாகத் தெரியும். அதில் ஒரு பங்கு வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்குமான படி, வேறு ஊரில் சொந்தச் செலவில் நிரந்தர வீடு வைத்திருந்தால்தான் அதற்கு வரி கிடையாது. வீடே இல்லாமல் சுற்றுகிறவர்கள் பிறகு வரி ஆபீஸில் மாட்டுவார்கள். நான் போனதில் பாதி முதியோர் பராமரிப்பு இல்லங்கள். எட்டு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் நோயாளியோடு இருந்தாய் என்று சதவீதம் கேட்பார்கள், குறிப்பு எழுதுகிற நேரம் அதில் சேராது. ஒரு இடத்தில் ஐந்தாவது வாரம், ஆள் தேவையில்லை என்று வெள்ளிக்கிழமை மாலை போன் வந்தது. வாடகைக்கு எடுத்த அறைக்கு முழுப் பணம் கட்டியிருந்தேன். மணலில் சக்கரம் புதைகிற கதையெல்லாம் இங்கே இல்லை, இங்கே புதைவது வேறு.

டோங்காட்காரன்:
நான் சொன்னதைத்தானே இந்தப் பெண்ணும் சொல்கிறது?

வெல்க்ரோ:
ஐயா, நீங்கள் பணத்தைச் சொல்கிறீர்கள், நான் நோயாளியைச் சொல்கிறேன், இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

ஆணிப் பலகை கதை என்னைக் கொஞ்சம் அசைத்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் தங்கச்சி, நீ ஜூலுவில் பேசுகிறாயா, இல்லை தாத்தா காலத்து ஃபனகலோவா? மூன்று மாதத்தில் ஒரு ஊர்ப் பேச்சு பிடிபடாது. வடக்கே லிம்போபோ மாகாணம் போனால் ஜூலுவும் உதவாது.

நாலாம்தலைமுறை:
ஃபனகலோ பேசினால் பாட்டிமார் முகம் சுருங்கிவிடும் அக்கா, அது முதலாளி கூலியோடு பேசின பேச்சு. முதல் மாதம் என்னிடம் இருந்த ஒரே நல்ல ஜூலு வார்த்தை "பகமிசா", தூக்கு என்று அர்த்தம். எல்லாரையும் கையைத் தூக்கு, காலைத் தூக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்ததில் பிள்ளைகள் எனக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள். லிம்போபோ விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். முதல் இரண்டு ஒப்பந்தமும் ஜூலு பேசுகிற இடத்திலேயே கேட்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், என் கட்சிக்கு எதிரானதுதான். மூளை வாதம் வந்த ஒரு பையனுக்கு அட்டைப்பெட்டி, பழைய பேப்பர், மாவுப் பசை வைத்து நாற்காலி செய்தேன். சிம்பாப்வேயில் ஆரம்பித்த முறை, நன்றாகக் காய்ந்தால் ஆள் ஏறி நிற்கலாம். அதுவரை அவனைப் படுக்க வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து ஊட்டினார்கள், கஞ்சி நுரையீரலுக்குப் போய் அடிக்கடி காய்ச்சல். நிமிர்ந்து உட்கார்ந்ததும் இருமல் குறைந்தது. அடுத்த மாதம் போனால் நாற்காலிக்கு ஒரு கால் இல்லை, மாவு வாசத்துக்கு ஆடு தின்றுவிட்டது. நான் ஒட்டிக் கொடுத்தேன். ஜனவரியில் அவன் வளர்ந்திருப்பான், அந்த அளவு அவனுக்குப் போதாது. பாட்டிக்கு வெட்டி ஒட்டப் பழக்கியிருக்கிறேன், பாதிதான் வந்திருக்கிறது.

ஆயாவின்பேத்தி:
அளவுகளை எழுதி வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். ஆஸ்பத்திரிக் கோப்பில் வேண்டாம், பாட்டி வீட்டில்.

நாலாம்தலைமுறை:
ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கியிருக்கிறேன். பாட்டிக்கு வாசிக்க வராது, அதனால் படமாக வரைகிறேன். என் ஆடு ஆடு மாதிரியே இல்லை.

வெல்க்ரோ:
நான் இன்னும் கட்சி மாறவில்லை. ஆனால் பையனின் இடுப்பு அகலம், இடுப்பிலிருந்து முழங்கால் மடிப்பு வரை நீளம், இரண்டும் நோட்டில் இருக்கிறதா பார். போன மாதம் ஒரு ஸ்பிளிண்ட் படம் அனுப்பினாயே, அதில் கட்டைவிரல் பக்க விளிம்பு கூராக இருக்கிறது. வெந்நீரில் ஓரத்தை மட்டும் முக்கி வெளியே மடித்துவிடு, இல்லாவிட்டால் தோல் கிழியும். ஊருக்கு வரும்போது என் கிளினிக்கில் மிச்சம் விழுகிற ஸ்பிளிண்ட் தகட்டுத் துண்டுகளை ஒரு பையில் போட்டு வைக்கிறேன், வந்து எடுத்துக்கொள்.