கிரிக்கெட் ஆடியவர் பேஸ்பாலில் ஹோம் ரன் அடிக்க முடியுமா?

கேள்வி: பாஸ்டன் ஃபென்வே பார்க்கில் பேஸ்பால் ஆட்டம் பார்த்தேன். மட்டை பிடிப்பவரிடமிருந்து வலது ஓரக் கம்பம் 302 அடி தூரம்தான். கல்லூரியில் சிக்ஸர் அடித்த என்னால் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பி ஒரு ஹோம் ரன் அடிக்க முடியாதா?

பதில்: மெதுவாகப் போட்டுக் கொடுத்தால் வாய்ப்பு உண்டு. நிஜ பிட்சரிடம் (பந்து வீசுபவர்) ரொம்பக் கஷ்டம். மணிக்கு 95 மைல் வேகப் பந்துக்கு உங்களுக்குக் கிடைப்பது சுமார் 0.4 நொடி. பேட்டிங் கேஜில் (இயந்திரம் பந்து வீசும் வலைக்கூண்டு) 70 மைல் வைத்து ஆடினேன். இருபது பந்தில் மூன்றுதான் பட்டது. மட்டையும் உருண்டை, பந்தும் உருண்டை. துளி தப்பினால் தரையில் உருளும், இல்லையென்றால் நெட்டுக்குத்தாக மேலே போகும்.

இன்னொருவர்: கூடைப்பந்து நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டனே 1994இல் பர்மிங்ஹாம் பேரன்ஸ் என்ற பேஸ்பால் அணிக்கு 127 ஆட்டங்களில் அடித்தது 3 ஹோம் ரன். முதலாவது ஜூலைக் கடைசியில்தான் வந்தது. அவர் தினமும் பயிற்சி எடுத்தவர்!

கேட்டவர்: சரி, சனிக்கிழமை கேஜுக்குப் போகிறேன். 50 மைலில் தொடங்கலாமா?