புதுப்பிப்பு: பிஎன்ஜி படத்தின் அகலம் தவறாக வந்த சிக்கல் தீர்ந்தது

சி நிரலில் பிஎன்ஜி படத்தின் அகலம் 640 என்பதற்குப் பதிலாக 2147614720 என்று வருவதாகக் கேட்டிருந்தேன். உதவிய அனைவருக்கும் நன்றி.

கோப்பில் 00 00 02 80 என்று உயர்மதிப்பு பைட் முதலில் நிற்க, எக்ஸ்86 செயலி (இன்டெல், ஏஎம்டி கணினிகளில் உள்ள வகை) தாழ்மதிப்பு பைட்டே முதலில் எனக் கொண்டு அதைத் தலைகீழாகப் படித்ததே காரணம். சுட்டியை (தரவின் நினைவக முகவரியை) 32 பிட் எண்ணின் சுட்டியாக வகைமாற்றி நேரடியாகப் படிக்காமல், நான்கு பைட்டுகளையும் தனித்தனியே எடுத்து 24, 16, 8 பிட்டுகள் இடப்பக்கம் நகர்த்தி இணைக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. நகர்த்துவதற்கு முன் ஒவ்வொன்றையும் யுஇன்ட்32_டி (குறியற்ற 32 பிட் முழு எண்) வகைக்கு மாற்றுவது கட்டாயம். இல்லாவிட்டால் அது குறியுள்ள இன்ட் ஆகிவிடும் என்பதால், இதே முறையில் படிக்கும் சிஆர்சி (பிழை கண்டறியும் எண்) புலத்தின் முதல் பைட் 128 அல்லது அதற்கு மேல் இருக்கும்போது விளைவு வரையறையற்றதாகிவிடும்.

எதிர்பாராத நன்மையாக, ஜிசிசி (சி நிரல்பெயர்ப்பி) -ஓ2 உகப்பாக்க நிலையில் இவை அனைத்தையும் ஒரு மூவ் (தரவை எடுப்பது), ஒரு பிஸ்வாப் (பைட் வரிசையைத் திருப்புவது) என இரண்டே கட்டளைகளாகச் சுருக்கிவிட்டது. அசெம்ப்ளியில் நேரடியாக எழுதுவோர் கவனிக்க: 16 பிட் பதிவகத்தில் (செயலிக்குள் உள்ள சேமிப்பிடம்) பிஸ்வாப்பின் விளைவு வரையறுக்கப்படவில்லை என்று இன்டெல் கையேடே சொல்கிறது, அங்கே 8 பிட் சுழற்சியைப் பயன்படுத்துங்கள்.